சால்ட் பாயின்ட் பாறைக்கரையில் இரண்டு இரவு: பிள்ளைகளோடும் அத்தையோடும் போகலாமா?

மீனா_ஃப்ரீமாண்ட்

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் சால்ட் பாயின்ட் மாநிலப் பூங்காவில் செப்டம்பர் கடைசி வெள்ளி, சனி இரண்டு இரவுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஜெர்ஸ்டில் கோவ் முகாம். ஆறு மாதம் முன்பே காலை எட்டு மணிக்குக் கணினி முன் காத்திருந்து பிடிக்க வேண்டிய இடம். யாரோ ரத்து செய்ததால் எங்களுக்கு வாய்த்தது. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. மதுரையிலிருந்து என் அத்தை வந்திருக்கிறார். 68 வயது. முழங்கால் வலி உண்டு. ஆனாலும் நடக்க அஞ்சாதவர்.

இதுவரை ஏரிக்கரைகளில்தான் கூடாரம் போட்டிருக்கிறோம். அலுவலகத்தில் ஒருவர், "அந்தக் கரை சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, பாறையில் நிற்பவர்களையே அலை அள்ளிக்கொண்டு போகும்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. கணவருக்கு இந்தக் கரையைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ரத்து செய்வதென்றால் இந்த வாரமே செய்ய வேண்டும்.

கூடாரக்காரன்

ரத்து செய்யாதீர்கள். நான் ஐந்து முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை கைக்குழந்தையோடு.

முதலில் வழி. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 90 மைல்தான். ஆனால் மைல் கணக்கை வைத்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். ஜென்னர் ஊரைத் தாண்டியதும் முதலாம் எண் நெடுஞ்சாலை மலை விளிம்பில் பாம்பாக நெளியும். அந்தக் கடைசி 20 மைல் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. பின் இருக்கையில் இருப்பவர்களுக்கு வயிறு புரட்டும். ஜென்னரில் ரஷ்ய ஆறு கடலில் சேரும் இடத்தில் நிறுத்தி, எல்லோரும் இறங்கிக் கால் நீட்டிவிட்டுப் போங்கள். மணல்திட்டில் கடல்நாய்கள் படுத்திருந்தால் பிள்ளைகளுக்கு அதுவே போதும். பெட்ரோலை அதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவின் பெரும்பகுதியில் செல்பேசி எடுக்காது. வரைபடம், முன்பதிவுத் தாள் எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவில் இரண்டு முகாம்கள். நெடுஞ்சாலைக்கு மேற்கே கடல் பக்கம் ஜெர்ஸ்டில் கோவ். கிழக்கே, பிஷப் பைன் மரங்களுக்குள் உட்சைட். உங்களுடையதிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். அதற்கு விலை காற்று. முளைக்கம்பிகளை முழுவதும் அடியுங்கள், வாசலைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். முதல் முறை நான் வாடகைக்கு எடுத்த கூடாரத்தின் கழி நள்ளிரவில் முறிந்து, மீதி இரவைக் காருக்குள் கழித்தோம். அந்தக் கடையில் கழியைச் சோதித்துக் கொடுக்கவில்லை, நானும் வீட்டில் ஒருமுறை விரித்துப் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.

குளியலறை கிடையாது. கழிப்பறையும் குடிநீரும் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் மேசை, தீ மூட்டும் வளையம், உணவு வைக்கும் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியைச் சாப்பிட்ட கையோடு பூட்ட வேண்டும். ரக்கூன்கள் இருட்டும் வரைகூடக் காத்திருப்பதில்லை. எங்கள் தயிர்சாத டப்பாவின் மூடியைத் திருகித் திறந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். ஓக் மரங்களைக் கொல்லும் நோய், பூங்கா இருக்கும் சொனோமா மாவட்டத்தில் பரவியிருக்கிறது. விறகோடுதான் அது ஊர் விட்டு ஊர் போகும். அங்கேயே வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள். கரையில் ஒதுங்கிய கட்டைகளையும் பொறுக்க வேண்டாம். செப்டம்பரில் காட்டுத்தீ அபாயம் காரணமாகத் தீ மூட்டத் தடை வருவதுண்டு; கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

மாதம் நல்ல மாதம். ஜூன், ஜூலையில் பனிமூட்டம் நாள் முழுக்க விலகாது. ஆழத்துக் குளிர்நீர் மேலே எழும்பி, அதன்மேல் வரும் காற்று மூடுபனியாகிக் கரையில் ஒட்டிக்கொள்ளும். செப்டம்பர், அக்டோபரில்தான் இந்தக் கரை வெயில் காணும்.

அலையைப் பற்றி: எச்சரிக்கையாக இருந்தால் போதும். பயப்பட ஒன்றுமில்லை.

குமரிக்கரை

கூடாரக்காரன் அண்ணா எழுதியதில் கடைசி இரண்டு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. "எச்சரிக்கையாக இருந்தால் போதும்" என்றால் என்ன செய்வது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது? அதைச் சொல்லாமல் போகச் சொல்வது தவறு.

நான் முட்டத்துக்காரன். பாறைக்கரையில் பிறந்தவன். தாத்தா கட்டுமரம் ஓட்டியவர். எங்கள் பக்கம் கள்ளக்கடல் என்றொரு சொல் உண்டு. வானம் தெளிந்திருக்கும், காற்று இருக்காது, கரையில் எந்த அறிகுறியும் தெரியாது. தெற்கே பல ஆயிரம் கல் தொலைவில் அடித்த புயலின் பெருக்கு நாட்கணக்கில் பயணம் செய்து வந்து, திருடனைப்போல் ஊருக்குள் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். இன்று இந்தியக் கடல்சார் தகவல் மையமே இந்தச் சொல்லைத்தான் தன் அறிக்கைகளில் பயன்படுத்துகிறது.

சொனோமா கரையில் நடப்பதும் அதன் உறவுதான். வடபசிபிக்கில் எழும் புயலின் நீண்ட அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு கூட்டத்துக்கும் மறு கூட்டத்துக்கும் நடுவே பத்து, இருபது நிமிடம் கடல் குளம்போல் கிடக்கும். அந்த அமைதியில்தான் மக்கள் கீழே இறங்குகிறார்கள்.

நானும் இறங்கினேன். ஒரு ஜனவரி மாதம், நல்ல வெயில். கடலோர ஊரில் வளர்ந்தவன் என்ற தைரியம். ஜெர்ஸ்டில் கோவுக்கு வடக்கே ஒரு தட்டைப் பாறையில் ஜமுக்காளம் விரித்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து, மகனுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அப்போது ஐந்து வயது. இடி முழக்கமாக எதுவும் வரவில்லை. பாறை விளிம்புக்கு அப்பால் தண்ணீர் மட்டம் மெல்ல உயர்ந்தது, அவ்வளவுதான். பாத்திரம் நிரம்பி வழிவதைப்போல் விளிம்பைத் தாண்டியது. முழங்காலளவு தண்ணீர். வரும்போது ஒன்றும் செய்யவில்லை. திரும்பும்போது காலுக்கடியில் இருந்த ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு போனது, நான் மல்லாந்தேன். இடது கையில் மகனின் சட்டைக் காலர், வலது கை விரல்கள் பாறையின் ஒரு பொந்துக்குள். அந்தப் பொந்து இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை. நான்கு விரலிலும் தோல் போயிருந்தது என்பதைக் காருக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

அந்தத் தண்ணீர் 50 முதல் 55 டிகிரி பாரன்ஹீட். விழுந்த மறுகணம் மூச்சு இழுத்துக்கொள்ளும். வாய்க்குள் போவது காற்றா கடலா என்று தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் அந்த முதல் நிமிடத்தில்தான் போகிறார்கள். மாவட்ட ஷெரிஃபின் ஹென்றி-1 ஹெலிகாப்டர் கயிற்றில் ஆளைத் தொங்கவிட்டு மீட்கிறது, மெச்ச வேண்டிய வேலை. ஆனால் அழைப்பதற்குச் செல்பேசி எடுக்காத இடம் அது.

மீனா அக்கா, பிள்ளைகளுக்குப் பத்து வயது தாண்டட்டும். இந்தத் தடவை போடேகா வளைகுடாவில் மணற்கரைப் பக்கம் இடம் பாருங்கள்.

கூடாரக்காரன்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் கடைசி இரண்டு வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் அவசரத்தில் எழுதியது. ஆனால் போகவே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். அந்த மாவட்டத்தின் மணற்கரைகளிலும் ஆட்களை அலை இழுத்துச் சென்றிருக்கிறது. மணல் என்றால் பாதுகாப்பு என்ற எண்ணம் இன்னும் ஆபத்து. நீங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்லுங்கள், அது எல்லோருக்கும் பயன்படும்.

குமரிக்கரை

சரி, சொல்கிறேன்.

பாறையின் நிறத்தைப் பாருங்கள். கருத்து ஈரமாக இருக்கும் இடம் வரை இன்று அலை வந்திருக்கிறது. பச்சையாக வழுவழுப்பாக இருந்தால் தினமும் வருகிறது. வெளுத்துக் காய்ந்து, மஞ்சளும் சாம்பலுமாகப் பாசிப்படை ஒட்டியிருக்கும் பாறையில் மட்டுமே உட்காருங்கள். அதற்கும் மேலே, பின்னால் ஓடுவதற்கு வழியுள்ள இடமாகப் பார்த்து.

கீழே இறங்குவதற்கு முன் இருபது நிமிடம் மேலே நின்று கடலைப் பார்க்க வேண்டும். கடிகாரம் வைத்துக்கொண்டு. மனதில் எண்ணினால் ஐந்து நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். ஒவ்வோர் ஏழாவது அலையும் பெரியது என்று சிலர் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கணக்கை நம்பாதீர்கள், கடலுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

தேசிய வானிலை மையம் கடற்கரை அபாய அறிவிப்பு வெளியிட்டிருந்தால் அன்று மேட்டுப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பெரியவர் எப்போதும் கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அவர் கையில் செல்பேசியோ கேமராவோ கூடாது. "கடலுக்கு முதுகைக் காட்டாதே" என்று தாத்தா அடித்துச் சொல்வார். அந்தக் கரையில் பூங்காத் துறை நட்டிருக்கும் பலகையிலும் ஆங்கிலத்தில் அதே வாசகம்தான். முதல் முறை அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பாறைப்பித்து

அலையைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். குமரிக்கரை அண்ணனின் விரலுக்கு இடம் கொடுத்த அந்தப் பொந்தைப் பற்றி நான் சொல்கிறேன். நான் நிலவியல் படித்தவள். அந்தப் பூங்காவுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போகாவிட்டால் எனக்கு ஆகாது.

அதற்கு டஃபோனி என்று பெயர். மணற்கல்லின் முகம் முழுக்கத் தேனடைபோல் குழி விழுந்திருக்கும். சில குழிகளில் சுண்டுவிரல் நுழையும், சிலவற்றில் ஆளே குந்தி உட்காரலாம். குழிக்கும் குழிக்கும் நடுவே இருக்கும் சுவர், கறையான் அரித்த கதவின் மரநார்போல் மெலிந்திருக்கும். செய்தது உப்பு. அலைச் சாரல் மணற்கல்லின் நுண்துளைகளில் ஊறுகிறது. காயும்போது உப்புப் படிகமாகி, பெருகி, மணல்மணியை மணல்மணியிலிருந்து நெம்புகிறது. குழி விழுந்த இடத்தில் நிழல் விழும், ஈரம் தங்கும், உப்பு இன்னும் சேரும். குழி இன்னும் ஆழமாகும். அலை மோதிக் குடைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அலையே எட்டாத உயரத்தில், சாரல் மட்டும் படும் முகங்களில்தான் மிக அழகான டஃபோனி இருக்கிறது. ஆகவே அதைப் பார்க்கக் கீழே இறங்க வேண்டிய தேவையே இல்லை. ஜெர்ஸ்டில் கோவிலிருந்து ஸ்டம்ப் பீச் வரை கரைமேட்டில் ஒன்றேகால் மைல் அளவுக்கு ஒரு பாதை போகிறது. வழிநெடுக இரண்டு பக்கமும் இதுதான்.

அந்தப் பாறை அங்கே பிறந்ததில்லை என்பது எனக்குப் பிடித்த இன்னொரு செய்தி. ஆழ்கடலின் அடியில் மணலும் சேறுமாக அடுக்கடுக்காகச் சரிந்து படிந்தது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு, பழைய ரஷ்யக் கோட்டையான ஃபோர்ட் ராஸ் அருகே கடலிலிருந்து கரையேறி, மலைப்பக்கமாக வடக்கே போகிறது. நீங்கள் கூடாரம் போடும் கரை பிளவுக்கு மேற்கே, பசிபிக் தட்டு என்ற, மெல்ல நகரும் பூமியோட்டுப் பாளத்தின் மேல் இருக்கிறது. தெற்கே எங்கோ கிடந்த பாறை அந்தத் தட்டோடு நகர்ந்து நகர்ந்து இங்கே வந்து நிற்கிறது. 1906 நிலநடுக்கத்தில் ஃபோர்ட் ராஸ் தேவாலயம் சரிந்ததும் இந்தப் பிளவு அசைந்ததால்தான்.

பாதையோரப் பாறைகளில் வரிசையாக ஒரே அளவில் துளைகள் தெரிந்தால் அது டஃபோனி இல்லை, கல்லுடைத்தவர்களின் உளி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கரையில் வெட்டிய மணற்கல் சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் கப்பலில் போனது. கப்பலைக் கட்டிய இரும்பு வளையங்கள் துருவேறி இன்னும் பாறையில் இருக்கின்றன. மகனைத் தேடச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்குச் சரியான வேலை.

ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த மெல்லிய சுவர்களில் பிள்ளைகள் கால் வைத்து ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு உதை போதும், உடைந்துவிடும். கல், சிப்பி எதையும் எடுத்து வரவும் கூடாது.

உப்பளத்தான்

சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு வெளியே போக மனம் வரவில்லை. நான் தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் கணக்கெழுதியவர். சால்ட் பாயின்ட் என்ற பெயரைப் பார்த்துத்தான் நான் முதன்முதலாக அங்கே போனேன், அங்கே உப்பளம் ஏதாவது இருந்ததா என்று கேட்க.

உப்பளம் இல்லை. பாறைதான் பாத்தி. கஷாயா போமோ மக்கள் அந்த முனையின் பாறைப் பிளவுகளில் அலைச்சாரல் காய்ந்து படியும் உப்பைச் சேகரித்திருக்கிறார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. நாம் வரப்பு கட்டிக் கடல்நீரை உள்ளே விட்டு வெயிலை நம்பிக் காத்திருக்கிறோம். அவர்கள் பாறை காய்ச்சி வைத்ததைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி 1812இல் ஃபோர்ட் ராஸ் கோட்டையைக் கட்டியது அவர்களுடைய மெட்டினி என்ற ஊரில். கடல்நீர்நாய்த் தோலுக்காக வந்தவர்கள், அந்த விலங்கை ஏறத்தாழ துடைத்தெடுத்துவிட்டு, 1841இல் கோட்டையை விற்றுவிட்டுப் போனார்கள். கஷாயா மக்கள் போகவில்லை. ஆனால் கடற்கரை தனியார் நிலமாகி, கடலுக்கு இறங்கவே வழியில்லாமல் தலைமுறைகள் கழிந்தன. 2015இல்தான் பூங்காவுக்கு அருகே ஏறத்தாழ 700 ஏக்கர் கடலோர நிலம் அவர்கள் கைக்குத் திரும்பி வந்தது. மீனாம்மா, பூங்காவுக்குப் போகும் வழியில்தான் ஃபோர்ட் ராஸ் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்.

சமையல்_ரகு

குறுக்கே ஒரு கேள்வி. அங்கே பாறையில் சிப்பி, அபலோன் என்ற பெரிய கடல்நத்தை எல்லாம் பறித்துச் சமைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். காளானும் உண்டாமே?

பாறைப்பித்து

அபலோன் கூடவே கூடாது. 2018 முதல் சிவப்பு அபலோன் பிடிக்கத் தடை. 2013 வாக்கில் ஒரு நோய் வந்து கடல் நட்சத்திரங்கள் கரைந்து செத்தன. அவற்றில் சூரியகாந்தி நட்சத்திரம் என்ற பெரிய இனம்தான் ஊதா நிறக் கடல்முள்ளெலிகளைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தது. அது போனதும் முள்ளெலிகள் பெருகின. 2014 முதல் 2016 வரை கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. இரண்டும் சேர்ந்து வடகலிஃபோர்னியாவின் கெல்ப் பாசிக்காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டது. பாசியைத் தின்று வாழும் அபலோன் பட்டினியில் செத்தது. ஓடு மட்டும் கரையில் கிடக்கும். ஜெர்ஸ்டில் கோவ் கடற்பகுதியோ முழுக் காப்பகம். கலிஃபோர்னியாவின் முதல் நீரடிப் பூங்காக்களில் ஒன்று. அங்கே எந்த உயிரையும் எடுக்கவோ தொந்தரவு செய்யவோ அனுமதி இல்லை.

காளான் எடுக்க அனுமதிக்கும் மிகச் சில மாநிலப் பூங்காக்களில் சால்ட் பாயின்ட் ஒன்று. ஒருவருக்கு நாளைக்கு ஐந்து பவுண்டு வரை. ஆனால் மழை தொடங்கிய பிறகுதான். செப்டம்பரில் ஒன்றும் இருக்காது. நம் ஊரில் இடி இடித்த மறுநாள் வரப்பில் பறித்துப் பழகிய கண்ணை நம்பி இங்கே பறிக்காதீர்கள், ரகு. கலிஃபோர்னியாவில் முளைக்கும் மரணத்தொப்பிக் காளான் மொட்டாக இருக்கும்போது வைக்கோல் காளானைப் போலவே இருக்கும். ஈரலைத் தின்றுவிடும். தெரிந்தவர்களோடு மட்டும் போங்கள்.

மீனா_ஃப்ரீமாண்ட்

எவ்வளவு விஷயங்கள்! எல்லோருக்கும் நன்றி. குமரிக்கரை தம்பி எழுதியதைக் கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மேட்டிலேயே இருப்போம், இறங்குவதாக இருந்தால் இருபது நிமிடம் கடிகாரம் வைத்துப் பார்ப்போம்" என்றார். போவது என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஒரு கவலை, அத்தை. தரையில் படுத்து எழ முடியுமா? இரவில் கழிப்பறைக்கு இருட்டில் போக வேண்டுமே?

சிவகாமி_சான்ஹோசே

அம்மா மீனா, எனக்கு 71 வயது. உங்கள் அத்தையின் இடத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

தரையில் படுக்க வைக்காதீர்கள். மடக்குக் கட்டில் வாங்குங்கள். கட்டிலின் கீழிருந்து குளிர் ஏறும், அதனால் மேலே ஒரு கம்பளி விரித்து அதன்மேல் படுக்கைப்பை. காதுவரை மூடும் குல்லாய், இரண்டு ஜோடி காலுறை. சுடுதண்ணீர் ஃபிளாஸ்க் தலைமாட்டில் இருக்கட்டும். கூடாரம் கழிப்பறைக்கு மிக அருகில் வேண்டாம், கதவுச் சத்தம் தூங்க விடாது. எழுபது எண்பது அடி தள்ளி என்றால் நல்லது. நெற்றியில் கட்டும் விளக்கை அத்தைக்கென்று தனியாகக் கொடுங்கள், யாரையும் எழுப்பாமல் அவரே போய்வரட்டும். ஒவ்வொரு முறையும் மகனையோ மருமகளையோ எழுப்ப வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தில் நான் முதல் தடவை மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். மறுநாள் தலைவலி. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

சாய்வு நாற்காலி ஒன்று எடுத்துப் போங்கள். பார்க்கிங் அருகிலிருந்தே கடல் தெரியும் சமதளப் பாதை உண்டு. அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் நடந்துவாருங்கள். அவருக்குப் பொழுது போகாதே என்று எண்ண வேண்டாம்.

மீனா_ஃப்ரீமாண்ட்

போய் வந்துவிட்டோம். நேற்று இரவுதான் திரும்பினோம். துணி இன்னும் துவைக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஜென்னரில் நிறுத்தினோம், கடல்நாய்கள் பார்த்தோம். அப்படியும் நான்காவது மைலில் மகள் வாந்தி எடுத்துவிட்டாள். அத்தை பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி அவள் மூக்கருகே பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது முன்னால் நின்ற கார் தெரியாத பனிமூட்டம். கடல் எங்கே என்று மகள் கேட்டாள். சத்தம் மட்டும் இருந்தது. கூடாரத்துணியில் பனி சொட்டுச் சொட்டாக இறங்கியது. புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைப் பூட்டிய அடுத்த நிமிடம் மேசைக்கடியில் இரண்டு கண்கள். கூடாரக்காரன் அண்ணா, அன்று உங்களை வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வற்றம். பனி விலகியிருந்தது. அபாய அறிவிப்பு எதுவும் இல்லை என்று ரேஞ்சரிடம் கேட்டுக்கொண்டோம். மேட்டில் ஒரு காய்ந்த பாறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். மகன் தன் கைக்கடிகாரத்தில் இருபது நிமிடம் வைத்தான். நாங்கள் இறங்கலாம் என்று பார்த்து வைத்திருந்தது கீழே ஒரு தட்டைப் பாறை; அதன் நடுவில் ஒரு சிறு குளம், வெளி விளிம்பு கருப்பு, உள்பக்கம் வெளுப்பு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அலை விளிம்பைத் தொடவே இல்லை. "அப்பா, போதும்பா" என்று மகன் இரண்டு முறை சொன்னான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பதினான்காவது நிமிடத்தில் தண்ணீர் ஏறியது. தம்பி எழுதியபடியே, சத்தமில்லாமல், நிரம்பி வழிந்து. குளத்தை மூடி, வெளுத்த பாறைமேல் நான்கைந்து அடி தூரம் ஓடி, நுரையோடு பின்வாங்கியது. வெளுப்பாக இருந்த இடம் கருப்பாகிவிட்டது. யாரும் பேசவில்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், அது விடுபட்ட பிறகுதான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்று தெரிந்தது.

அந்தப் பாறைக்கு நாங்கள் இறங்கவில்லை. ஜெர்ஸ்டில் கோவின் உள்வளைவில், அலை மட்டுப்பட்டு வரும் இடத்தில், மறுபடியும் இருபது நிமிடம் பார்த்துவிட்டு மேல்மட்டத்துக் குளம் ஒன்றை மட்டும் பார்த்தோம். கணவர் கடலைப் பார்த்தபடி நின்றார். அரைமணி நேரம் அவர் குளத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பூப்போல் இருக்கும் கடல் உயிரான பச்சைக் கடற்சாமந்தி ஒன்று, இதழெல்லாம் விரிந்து, உள்ளங்கை அகலம். ஓர் அலைத்துளி விழுந்ததும் இதழ்களை உள்ளே இழுத்துக்கொண்டது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது மறுபடியும் விரியும்வரை குனிந்தே இருந்தாள்.

டஃபோனி பாதையில் அத்தை பாதி தூரம் நடந்தார். மகன் இரும்பு வளையம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன்பிறகு வரும் போகும் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டினான். திரும்பி வந்து பார்த்தால் அத்தை ஒரு பாறையின் குழிக்குள் விரலை விட்டுத் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "உப்புதான். ஆனால் கசக்கிறது, நம் ஊர்க் கல்லுப்பு மாதிரி இல்லை" என்றார். உப்பளத்தான் அண்ணா, அது ஏன் என்று உங்களைக் கேட்கச் சொன்னார்.

சிவகாமி அம்மா, கட்டில், விளக்கு இரண்டும் நீங்கள் சொன்னபடி. இரண்டாம் இரவு மூன்று மணிக்குத் தனியாகப் போய்விட்டு வந்தவர், உள்ளே வராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பனி இல்லாத இரவு. நான் கூப்பிட்டதற்கு, "நீ தூங்கு" என்றார். விடியும்போதும் அங்கேயே, இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு இருந்தார்.

உப்பளத்தான்

அத்தைக்கு என் வணக்கம். அவர் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கடல்நீர் காயும்போது மக்னீசிய உப்புகளுக்கு முன்பே சோற்றுப்பு படிந்துவிடும். மக்னீசிய உப்புகள் கடைசிவரை தண்ணீரிலேயே நிற்கும். உப்பளத்தில் அந்தக் கசப்பு நீரை வடித்து வெளியே விட்டுவிட்டுத்தான் உப்பை வாருவோம். பாறைக்குழியில் வடித்துவிட ஆள் இல்லை, எல்லாம் சேர்ந்தே காய்கிறது. அதுதான் கசப்பு.

குமரிக்கரை

மீனா அக்கா, பதினான்காவது நிமிடம் என்று படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பத்து வயது தாண்டட்டும் என்று நான் சொன்னது தவறு. உங்கள் மகன் இனி எந்தக் கரைக்குப் போனாலும் கடிகாரம் வைப்பான். என் மகனுக்குப் பதினொரு வயது. அந்த நாளுக்குப் பிறகு நான் அவனை அங்கே கூட்டிப்போகவே இல்லை. மார்ச் மாதத்துக்கு இடம் பார்க்கப் போகிறேன்.

பாறைப்பித்து

மார்ச் என்றால் மெக்சிகோவின் பாஹாவிலிருந்து வடக்கே திரும்பும் சாம்பல் திமிங்கலங்கள் அந்த முனையருகே போகும், தாயும் குட்டியுமாக வருபவை ஏப்ரல், மே வரை. கடல்நாய்கள் குட்டி போடும் பருவமும் தொடங்கிவிடும். குட்டி தனியாகக் கிடந்தாலும் கிட்டே போகாதீர்கள், தாய் கடலில் இரை தேடிக்கொண்டிருக்கும். ஏப்ரலுக்குத் தள்ளினால் பக்கத்து க்ரூஸ் காப்பகத்தில் ரோடோடெண்ட்ரான் பூக்கத் தொடங்கியிருக்கும். தொலைநோக்கி என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றைத் தருகிறேன்.

குமரிக்கரை

அப்படியானால் ஏப்ரல் இரண்டாம் வாரம். உட்சைட் முகாம்தான் பார்க்கிறேன், காற்றுக்கு மறைவாக இருக்கும். இரண்டு இடம் சேர்ந்தாற்போல் கிடைத்தால் யாராவது வருகிறீர்களா?

மீனா_ஃப்ரீமாண்ட்

நாங்கள் வருகிறோம். அத்தையின் விசா மே வரை இருக்கிறது; அவரிடம் கேட்டுவிட்டேன்.